தண்ணீர் குடித்துவிட்டு வரவும்

“ஏம்மா, பலாப்பழத்த வெட்டாமயே உள்ள எப்பிடி இருக்குதுன்னு பாக்க முடியுமா?”

மணிமேகலை இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சென்னம்மாள் இரண்டு கைகளிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, சாக்கின் மேல் கிடத்திய பழத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். “பாக்க முடியும்னா நான் எதுக்குக் கையெல்லாம் எண்ணெயும் பாலுமா உக்காந்திருக்கறேன்? போயிக் கத்திய எடுத்துட்டு வா கண்ணு” என்று மகளை விரட்டிவிட்டாள். குழந்தைகள் கேட்பதற்கெல்லாம் அன்றைக்கே பதில் சொல்லிவிட முடிவதில்லை. சிலவற்றுக்குப் பதில் வந்து சேர ஆண்டுகள் பிடிக்கின்றன. அதுவும் கேட்டவரிடம் போகாமல், விரட்டிவிட்டவரிடம் வந்து சேருகிறது.

அந்த மணிமேகலை இப்போது நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சென்னம்மாளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. மிளகு பறிக்க ஏணியில் ஏறும்போதெல்லாம் அடிவயிற்றின் வலது பக்கம் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனத்தது. மாதவிலக்கு நினைத்த நேரத்தில் வந்தது, நினைத்த நேரத்தில் நின்றது. கொல்லிமலைமேல் செம்மேட்டில் பார்த்த டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “சினைப்பையில ஏதோ இருக்கற மாதிரி தெரியுது. கீழ போய் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. வெட்டாம கொள்ளாம உள்ள இருக்கறதப் பார்த்துடலாம்” என்றார்.

அன்று இரவு சென்னம்மாளுக்குத் தூக்கம் வரவில்லை. அவளுடைய அக்கா கண்ணாயிக்கும் இதே வலது பக்கத்தில்தான் வந்தது. ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், உள்ளே கருவி வைத்துப் பார்க்க வேண்டும் என்றதும் கண்ணாயி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். “மானத்தக் குடுத்துட்டு உசுர வெச்சுக்கச் சொல்றாங்க” என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். பிறகு ஒரு வருஷம் கழித்துச் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, கட்டி வயிறு முழுக்கப் பரவியிருந்தது. கண்ணாயியின் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வளர்த்ததில் சென்னம்மாளுக்கும் பங்கு உண்டு. தன் மகளுக்கு யார் போடுவார்கள் என்று அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எட்டுக்கை அம்மனை நினைத்துக் கும்பிட்டாள். அம்மனும் ஸ்கேன் எடுக்காதே என்று சொல்லவில்லை.

டாக்டரம்மா கொடுத்த சீட்டின் அடியில் ‘தண்ணீர் குடித்துவிட்டு வரவும்’ என்று எழுதியிருந்தது. சென்னம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். படித்தாள். படித்துவிட்டு, இது கீழ்நாட்டுக்காரர்களுக்கு எழுதியது என்று முடிவு செய்துகொண்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. மலையில் பிறந்தவர்கள் கீழே இறங்கும் நாளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல்தான் பேருந்தில் ஏறுவார்கள். வளைவுக்கு வளைவு பேருந்து ஆளைத் துணிபோல முறுக்கிப் பிழியும்; வயிற்றில் இருப்பது எதுவானாலும் வாய்க்கு வந்துவிடும். கல்யாணத்துக்குப் போனாலும் கருமாதிக்குப் போனாலும் இறங்கி முடிக்கும்வரை வெறும் வயிறு, கையில் ஒரு எலுமிச்சம்பழம். அப்படித்தான் அவளுடைய அம்மா இறங்கினாள், அப்படித்தான் அவளும் இறங்கினாள். ரத்தம் எடுப்பதற்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வார்களே, அதுபோல இதுவும் நல்லதுக்குத்தான் என்று வேறு நினைத்துக்கொண்டாள்.

டவுனில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஸ்கேன் சென்டரில், முன்மேசையில் உட்கார்ந்திருந்த கவிதா என்ற பெண் கேட்டாள்: “தண்ணி குடிச்சீங்களா?”

“இல்லீங்க. நேத்துப் பொழுதோட குடிச்சதுங்க. சுத்தபத்தமாத்தான் வந்திருக்கறனுங்க.”

“நல்லா முட்ட முட்டக் குடிச்சுட்டு வரணும்னு சீட்டுலயே எழுதியிருக்குதேம்மா.”

“பஸ்ஸுல வாந்தி வருமுங்க.”

கவிதா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூலையிலிருந்த தண்ணீர் கேனைக் காட்டினாள். சென்னம்மாள் குடித்தாள், உட்கார்ந்தாள், குடித்தாள், உட்கார்ந்தாள். காய்ந்த மண்ணில் ஊற்றியதுபோலத் தண்ணீர் போன இடம் தெரியவில்லை. கடைசியில், மலைக்குப் பேருந்து புறப்படும் நேரம் நெருங்கியபோது, அங்கிருந்த ஆண் டாக்டர் அவசரமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மூத்திரப்பை நெறையவே இல்ல. குடல்தான் தெரியுது. இன்னொரு நாள் வாங்க.” அவள் பேருந்தில் ஏறி, முதல் வளைவு திரும்பியதும், குடித்த தண்ணீரெல்லாம் வேலையைத் தொடங்கியது. வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் பட்ட பாட்டை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை அவள் விட்டுவிடவில்லை. செம்மேடு பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு சொம்பு தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு ஏறினாள். வாந்தி வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. பாதி மலையில், பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னால் போய் டிரைவரிடம் கெஞ்சி, வளைவில் வண்டியை நிறுத்தி, ஒரு பாறைக்குப் பின்னால் ஓடினாள். ஒரு பேருந்து நிறைய ஆட்கள் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் விசில் ஊதினான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது பக்கத்து இருக்கைக்காரர், “சர்க்கரை இருக்குதுங்களா?” என்று அக்கறையாகக் கேட்டார்.

“எனக்கு ஒரு நோயும் இல்லீங்க” என்றாள் சென்னம்மாள். ஸ்கேனுக்குப் போய்க்கொண்டே அப்படிச் சொன்னது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

ஸ்கேன் சென்டரில் கவிதா கேட்டாள்: “இப்ப முட்டுதாம்மா?”

“முட்டினது மலையிலயே போயிருச்சுங்க.”

ஆண் டாக்டர் எட்டிப் பார்த்தார். “அப்பக் காலியாத்தான இருக்குது? உள்ள வெச்சுப் பாக்கற ஸ்கேன் எடுத்துடலாம். கல்யாணம் ஆனவங்கதான?”

சென்னம்மாளின் காதில் அதற்கு மேல் எதுவும் விழவில்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். தெருவுக்கு வந்த பிறகுதான், கண்ணாயி செய்ததை அப்படியே தானும் செய்திருப்பது அவளுக்கு உறைத்தது. நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பிப் போகக் கால் எழவில்லை.

வீட்டுக்காரன் மாதன் கோபக்காரன் இல்லை. ஆனால் எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பான். “காரத்தக் கொறச்சுப் பாரேன்” என்றான். இரண்டு நாள் கழித்து, “ஏணி ஏறாமப் பாரேன்” என்றான். மூன்றாவதாக அவன் சொன்ன யோசனைதான் உருப்படியானது. மலையிலிருந்து மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஏற்றிப் போகும் லாரிக்கார வேல்முருகன் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் இருக்கிறான். முந்தின நாளே இறங்கி அவன் வீட்டில் தங்கிவிட்டால், காலையில் சமதரையில் தண்ணீர் குடித்துக்கொண்டே போகலாம். வளைவு இல்லை, வாந்தி இல்லை, பாறை இல்லை. அதோடு, செவ்வாய்க்கிழமைகளில் டவுன் சென்டரில் ஸ்கேன் பார்ப்பது பெண் டாக்டர் என்றும் மாதன் போன் போட்டு விசாரித்து வைத்திருந்தான்.

“அவங்க ஊட்டம்மா கூட வருவாங்களாமா” என்றான்.

சென்னம்மாளுக்கு அதுதான் பயமாக இருந்தது. வேல்முருகனின் மனைவி பானுமதியை அவளுக்குத் தெரியும். நல்ல மனுஷி. ஆனால் அவள் வாயில் எதுவும் தங்காது. முள்ளுக்குறிச்சியில் யார் வீட்டு மாடு எப்போது சினைப்பட்டது என்பது முதற்கொண்டு, மாட்டுக்காரனுக்குத் தெரிவதற்கு முன் பானுமதிக்குத் தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரிதான்.

நினைத்தது நினைத்தபடியே நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை டவுன் பஸ்ஸில் ஏறும்போதே பானுமதி கண்டக்டரிடம் சொன்னாள்: “பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு டிக்கெட்டுங்க தம்பி. இவங்க மலையிலிருந்து வந்திருக்காங்க, வவுத்துல கட்டி.” பூக்காரியிடம் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்த கல்லூரிப் பையனிடம்கூடச் சொல்லத் தொடங்கினாள். சென்னம்மாள் அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

“ஏனுங்கக்கா, மைக்கு வேணும்னா வாங்கித் தரட்டுங்களா?”

“எதுக்குக் கண்ணு மைக்கு? எனக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்குது” என்றாள் பானுமதி. கையில் கொண்டுவந்திருந்த பெரிய பாட்டிலை நீட்டினாள். “இந்தா, இன்னொரு மடக்குக் குடி. இந்தத் தடவை முட்டாம உன்ன உள்ள விடறதா இல்ல.”

ஸ்கேன் சென்டரில் கூட்டம் நெரிந்தது. சென்னம்மாளுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். பானுமதி அவளை நடுவரிசையில் உட்காரவைத்து, பாட்டிலை அவள் வாயில் பிடிக்காத குறையாகக் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. அடிவயிறு தோல்பறைபோல விறைத்தது. சென்னம்மாள் கவிதாவிடம் போனாள்.

“ஏனுங்க, முட்டுதுங்க.”

“வெரி குட். உக்காருங்க, கூப்புடறேன்.”

அவளைக் கூப்பிடுவதற்கு முன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்தாள். அவளை முதலில் உள்ளே விட்டார்கள். அது நியாயம்தான் என்று சென்னம்மாளே சொல்லிக்கொண்டாள். அடுத்து டாக்டரம்மாவுக்குப் போன் வந்தது. அடுத்துக் கரண்ட் போய் மெஷின் நின்றது. கரண்ட் வந்ததும் மெஷின் மறுபடி தயாராக நேரம் ஆகும் என்றார்கள். சென்னம்மாள் கால்மேல் கால் போட்டாள், மாற்றிப் போட்டாள், எழுந்தாள், எழுந்தால் அதிகமாகிறது என்று உட்கார்ந்தாள்.

பானுமதி இதற்கிடையில் வரிசை முழுவதோடும் உறவாகிவிட்டிருந்தாள். “இவங்களுக்கு முட்டைப்பையில கட்டிங்க. இவங்க அக்காளும் இதுலதான் போய்ச் சேந்தாங்க, பாவம்” என்று எதிர்வரிசை அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் சென்னம்மாளை ஏற்கெனவே பாதி செத்துப் போனவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

சென்னம்மாளுக்குப் பொறுமை அறுந்தது. “அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க. நான் உங்களக் கூட்டிட்டு வந்ததே தப்பு.”

வார்த்தை கொஞ்சம் உரக்கவே விழுந்துவிட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பானுமதியின் முகம் சுருங்கியது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தபடி பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தது சென்னம்மாளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

“சென்னம்மாள், கொல்லிமலை” என்று கவிதா கூப்பிட்டாள்.

சென்னம்மாள் சட்டென்று எழுந்தாள். அந்த வேகத்தில் எழுந்திருக்கக் கூடாது. கட்டி வைத்திருந்தது கொஞ்சம் அவிழ்ந்தது. வெதுவெதுப்பாக ஒன்று தொடை வழியே இறங்குவதை அவள் உணர்ந்தாள். மூச்சைப் பிடித்து மீதியை நிறுத்திவிட்டாள். ஆனால் போனது போனதுதான். உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஈரம், இளம்பச்சைச் சேலையின் பின்புறத்தில் ஈரம், காலடியில் ஒரு சிறு தேக்கம். பின்வரிசையில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நகர்ந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். நகராமல் நிற்கவும் முடியாது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது. ஆனால் பூமி டைல்ஸ் போட்டு இறுகிக் கிடந்தது.

அந்த நேரத்தில் பானுமதியின் கையிலிருந்த பாட்டில் கவிழ்ந்தது.

சும்மா கவிழவில்லை. நாற்காலியில் பாதி, சென்னம்மாளின் சேலையில் பாதி, பானுமதியின் சொந்த மடியில் மிச்சம், தரையெல்லாம் வெள்ளம். “அட, கை நழுவிப் போச்சே” என்று பானுமதி எழுந்து உதறினாள். பின்வரிசை ஆண்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

“ஏம்மா, பாட்டிலக்கூட ஒழுங்காப் பிடிக்க மாட்டீங்களா? இப்பத்தான் தொடச்சுட்டுப் போனாங்க” என்று கவிதா கத்தினாள். “வெளியூர்லருந்து வந்து எடத்த நாறடிக்கறதே வேலையாப் போச்சு.”

“என்ற கை ஓட்டக்கை சாமி. எங்க ஊட்டுக்காரரு கல்யாணத்தன்னிக்கே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாரு. தொடைக்கற குச்சி எங்கிருக்குதுன்னு காட்டு, நானே தொடச்சுடறேன். வேற யாரும் வர வேண்டாம்.” சொல்லிக்கொண்டே பானுமதி மூலையிலிருந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முதலில் சென்னம்மாளின் காலடியைத்தான் துடைத்தாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “போ கண்ணு, கூப்பிடறாங்கல்ல. நனைஞ்சது காஞ்சுரும்.”

இந்த உலகத்தில் பெரிய தருமங்களைச் செய்கிறவர்களுக்குக் கல்வெட்டு உண்டு, படம் உண்டு. பாட்டிலைக் கவிழ்த்துத் திட்டு வாங்கிக்கொள்கிறவர்களுக்கு எதுவும் கிடையாது. கடவுள் கணக்கில் இரண்டில் எது முதலில் எழுதப்படும் என்பதில் சென்னம்மாளுக்கு அன்று சந்தேகம் இருக்கவில்லை. உள்ளே போனாள்.

பெண் டாக்டருக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். “சேலையெல்லாம் நனைஞ்சிருக்கே” என்றார்.

“தண்ணி கொட்டிருச்சுங்க.”

அவளைப் படுக்க வைத்து, அடிவயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை அழுத்தி நகர்த்தினார். சென்னம்மாளுக்கு மிச்சமிருந்த தண்ணீரும் போய்விடுமோ என்று உயிர் போனது. திரையில் சாம்பல் மழை பெய்ததுபோல் ஏதோ அசைந்தது. டாக்டர் பொறுமையாகப் பார்த்தார்.

“வலது பக்கம் ஒரு கட்டி தெரியுதும்மா. நல்ல எலுமிச்சம்பழத்தவிடக் கொஞ்சம் பெருசு. ஆனா அதோட சுவர் எப்படி இருக்கு, உள்ள என்ன இருக்குன்னு மேலிருந்து தெளிவாத் தெரியல. நீங்க பாத்ரூம் போய் ஒரு சொட்டு இல்லாம இருந்துட்டு வாங்க. உள்ள வெச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

சென்னம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். “இவ்வளவு நேரம் நெறைக்கறதுக்குப் பாடுபட்டனுங்க. இப்பக் காலி பண்ணச் சொல்றீங்க.”

டாக்டர் சிரித்தார். “ரெண்டும் வேற வேறம்மா. மேல வெச்சுப் பாக்கறப்பப் பை நெறைஞ்சிருந்தாத்தான் குடல அக்கட்டால தள்ளி வழி விடும். அது ஒரு ஜன்னல் மாதிரி. முழுசா ஒரு சுத்துப் பாத்துடலாம். உள்ள வெச்சுப் பாக்கறப்ப சினைப்பைக்குக் கிட்டவே போயிடறோம். அப்ப நடுவுல நெறைஞ்ச பை இருந்தா இடைஞ்சல். கல்யாணமாகாத பொண்ணுங்கன்னா மேலாப்புல மட்டுந்தான் பாப்போம். உங்களுக்கு ரெண்டும் பாக்கலாம்.”

“இத மொதல் நாளே யாராச்சும் சொல்லியிருக்கலாமுங்க” என்றாள் சென்னம்மாள். அவள் மூன்று முறை மலையிறங்கிய எரிச்சலெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

“சொல்லியிருக்கணும்” என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். “விருப்பமில்லன்னா வேண்டாம்மா, கட்டாயம் இல்ல. ஆனா பாத்துட்டா நல்லது.”

கழிப்பறையில் சென்னம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். போக வேண்டியது போய்விட்டது. ஆனாலும் வெளியே வரவில்லை. கண்ணாயி சேலையைப் போர்த்திக்கொண்டு எழுந்தபோது அவளுக்கு என்ன பயம் இருந்திருக்கும் என்று யோசித்தாள். நாலு பேருக்கு முன்னால் மானம் போய்விடும் என்ற பயம். அதைவிடப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. இன்றைக்கு நாலு பேருக்கு முன்னால் சென்னம்மாளுடைய மானம் போயே போய்விட்டது. போனதை ஒருத்தி தரையில் விழ விடாமல் ஏந்திக்கொண்டாள். அன்றைக்கு அக்காளோடு போனவள் நான்தானே, நான் எதைக் கவிழ்த்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

“பாருங்க” என்றாள் டாக்டரிடம்.

கவிதா வந்து அவள் தலைமாட்டில் நின்றாள். சேலையை எப்படித் தளர்த்த வேண்டும், முழங்காலை எப்படி மடக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள், இடுப்புக்குக் கீழே ஒரு போர்வையைப் போட்டாள். வெளியில் கத்திய பெண்ணும் இவளும் ஒருத்திதானா என்று சந்தேகமாக இருந்தது. கருவி ஒரு விரலைவிடக் கொஞ்சம் தடிமன்தான். புது உறை மாட்டுவதை டாக்டர் அவள் கண் முன்னாலேயே செய்தார். கூச்சமாக இருந்தது, வலி என்று சொல்ல முடியாது. மிளகு ஏணியிலிருந்து வழுக்கியபோது இதைவிட வலித்திருக்கிறது.

இந்த முறை திரை தெளிவாக இருந்தது. ஒரு கருப்பு வட்டம். அதன் ஓரம் மெல்லிய கோடாக, நூல் வைத்து வரைந்ததுபோல் இருந்தது.

“உள்ள வெறும் தண்ணிதாம்மா. திட்டுத் திட்டா எதுவும் இல்ல, தடுப்பு இல்ல” என்றார் டாக்டர். ஒரு பொத்தானை அழுத்தியதும் திரையில் சிவப்பும் நீலமுமாக மினுக்கியது. “இது ரத்தம் ஓடறதக் காட்டும். சில கட்டின்னா உள்ளயும் சுவத்துலயும் கன்னாபின்னான்னு ரத்தம் ஓடும். இதுல அப்படி இல்ல. சினைப்பைக்கு வர்ற ரத்தம் சரியா வந்துட்டிருக்கு.”

“அப்பிடின்னாங்க?”

“அப்பிடின்னா பாத்த வரைக்கும் பயப்பட ஒன்னும் இல்ல. சாதாரண நீர்க்கட்டி. பெரும்பாலும் தானாவே சுருங்கிடும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும், அத மட்டும் விட்டுடாதீங்க. ரிப்போர்ட்ட உங்க டாக்டர்கிட்டக் காட்டுங்க. அதுவரைக்கும் பாரமாத் தூக்காதீங்க. திடீர்னு தாங்க முடியாத வலி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க.”

சென்னம்மாள் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்திலிருந்து காதுக்குள் தண்ணீர் இறங்கியது. கவிதா ஒரு பஞ்சை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பானுமதிக்குப் பேச்சு திரும்பிவிட்டது. “ஒன்னுமில்லைன்னு சொல்லிட்டாங்க தம்பி, வெறும் நீர்க்கட்டிதானாமா” என்று கண்டக்டரிடம் சொன்னாள். காலையில் சொன்ன பூக்காரியைத் தேடிப் பிடித்துச் சொன்னாள். தன் சேலை ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் தன் ஓட்டைக்கையைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். கவிதா தன்னைத் திட்டியதை நடித்துக்கூடக் காட்டினாள். சென்னம்மாள் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்த ஒரு விஷயம் வரவேயில்லை. இறங்கி இருவரும் தனியாக நடந்தபோதும் வரவில்லை. தெரியும் என்று ஒரு கண் ஜாடைகூட இல்லை. ஊரில் நடப்பதையெல்லாம் ஊருக்குச் சொல்லும் அந்த வாய்க்குள் எங்கோ ஒரு பூட்டிய அறை இருந்தது. அதற்குள் சென்னம்மாள் பத்திரமாக இருந்தாள்.

“காத்தால நான் பேசினது தப்புங்கக்கா” என்றாள்.

“எதச் சொல்றே? நீ எத்தனையோ பேசினே” என்றாள் பானுமதி.

பானுமதியின் வீட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்: “பானு, இன்னிக்குத் தண்ணி வந்துட்டுப் போயிருச்சு. உன் முறைக்கு ஆளே இல்லியே, எங்க போனே? இனி வர்ற வாரந்தான்.”

“அது கெடக்குது போ” என்றாள் பானுமதி. வாசலில் இருந்த சின்ன நீல டிரம்மின் மூடியை ஒருமுறை விலக்கிப் பார்த்துவிட்டுச் சாத்தினாள். அதில் அடியில் ஒரு சாண்கூட இல்லை. சென்னம்மாளிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “மலை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. சோறு போட்டுத் தர்றேன். இந்த இடுப்பத்தான் கொஞ்சம் சாய்ச்சாத் தேவலை.” சாப்பிட்டு முடித்ததும், டிவியின் முன்னால் பாயைப் போட்டுச் சாய்ந்தவள், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே தூங்கிப் போனாள். குனிந்து குனிந்து ஒரு ஹாலையே துடைத்தவள் அவள். வேல்முருகன் லாரியோடு ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்திவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டாள்.

சென்னம்மாள் கொஞ்ச நேரம் தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருமுனையைத் தாண்டிக் குச்சிக்கிழங்குக் காட்டில் கிணற்று மோட்டார் ஓடித் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போய் இருப்பதிலேயே சின்னதாக ஒரு குடத்தை எடுத்தாள்.

பாரம் தூக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் இருந்தது. அதை மீறவும் அவளுக்கு மனமில்லை. இத்தனை பாடுபட்டுக் கேட்ட சொல் அது. அதனால் குடத்தில் பாதிக்கும் குறைவாகவே பிடித்தாள். இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது பக்கத்துக்கு அலுங்காமல், வரப்பில் மெதுவாக நடந்தாள். டிரம்மில் சத்தமில்லாமல் ஊற்றினாள். மறுபடி போனாள். ஒருத்தி ஒரு நடையில் கொண்டுவருவதை அவள் மூன்று நடையில் கொண்டுவந்தாள். வெயிலில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நடக்க நடக்க அவளுக்குள் பல வாரங்களாக இறுகிக் கிடந்தது தளர்ந்தது. அம்மனுக்கு என்ன நேர்ந்துகொண்டோம் என்று ஞாபகப்படுத்திக்கொண்டே நடந்தாள்.

டிரம் கழுத்துவரை நிறைந்தது. குடத்தை முன்பிருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள். வாசலில் சிந்தியிருந்த ஈரத்தின் மேல் காலால் மண்ணைத் தள்ளிவிட்டாள். டிரம்மின் மூடியைச் சாத்தி, காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் இருந்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். பானுமதி வாயைத் திறந்தபடி நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

“வாரேனுங்கக்கா” என்று, அவள் விழித்துக்கொள்ளாத அளவுக்குச் சொல்லிவிட்டு, சென்னம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.